பழைய புகைபிடி பைப் தேடி வாங்கி மீட்டெடுப்பது எப்படி? சேலம், ஏற்காடு பக்கத்துக்கான முழுமையான வழிகாட்டி

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் குடியிருந்தார்கள். அந்தக் காலத்துச் சாமான்கள் வீடு கை மாறும்போதும் பாகப் பிரிவினையின்போதும் வெளியே வரும். பீங்கான் தட்டு, சுவர்க் கடிகாரம், கைத்தடி இவற்றோடு எப்போதாவது ஒரு புகைபிடி பைப்பும் சேர்ந்து வரும். சேலத்தில் பழைய சாமான் கடைகளிலும், பித்தளையும் மரச்சாமானும் மொத்தமாக எடுக்கும் வியாபாரிகளிடமும் சொல்லி வைக்க வேண்டும். "பைப்" என்று மட்டும் கேட்டால் தண்ணீர்க் குழாயைக் காட்டுவார்கள். கைப்பேசியில் ஒரு படம் வைத்துக்கொண்டு காட்டுங்கள். பெரும்பாலும் பைப் தனியாக இருக்காது. மூக்குக்கண்ணாடிக் கூடு, பழைய பேனா, உடைந்த கைக்கடிகாரம் கிடக்கும் டப்பாவுக்குள் கலந்து கிடக்கும். அந்த டப்பாவைக் கொட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் வாங்கப் போக வேண்டும். அழுக்கு, கரி, பல் தடம், பச்சை படிந்த வாய்க்குழல் எல்லாமே சரியாகிவிடும். எரிந்துபோன மரமும், தேய்ந்துபோன தயாரிப்பாளர் முத்திரையும், கழுத்தும் வாய்க்குழலும் சேரும் விளிம்பில் கெட்டுப்போன பொருத்தமும் திரும்ப வராது. வாங்கும்போது இந்த மூன்றையும் பாருங்கள். வேலை செய்யும்போது இந்த மூன்றையும் காப்பாற்றுங்கள்.

பாகங்களும் பொருள்களும்

புகையிலை வைக்கும் குழி உள்ளது கிண்ணம். கிண்ணத்திலிருந்து நீளும் மரப் பகுதி கழுத்து. வாயில் வைப்பது வாய்க்குழல். வாய்க்குழலின் மறுமுனையில் கழுத்துத் துளைக்குள் நுழையும் மெல்லிய முளைதான் கழுந்து. தச்சர்கள் சொல்லும் அதே கழுந்துதான், இங்கே உருண்டையாக இருக்கும்.

நல்ல பைப்பின் கிண்ணம் பெரும்பாலும் பிரையர் மரம். மத்தியதரைக் கடல் ஓரங்களில் வளரும் ஒரு புதர்ச் செடியின் வேர் முண்டு அது. நெருப்பைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும், எளிதில் கருகாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் செயின்ட் குளோட் ஊரில் இந்த மரத்தில் பைப் கடையும் தொழில் வேரூன்றியது. அங்கிருந்து லண்டனுக்கும் டப்ளினுக்கும் பரவியது.

வெள்ளையாக, கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருந்தால் அது மீர்ஷாம். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் கிடைக்கும் மென்மையான கனிமம். சேலத்துக்காரர்களுக்கு வெள்ளைக்கல் என்றால் சுண்ணாம்புக் கரட்டு மேக்னசைட்தான் ஞாபகத்துக்கு வரும். இரண்டிலும் மெக்னீசியம் உண்டு என்றாலும் மேக்னசைட் கார்பனேட், மீர்ஷாம் சிலிக்கேட். மேக்னசைட் கனமாகவும் கெட்டியாகவும் இருக்கும். மீர்ஷாமில் நகத்தால் கீறினாலே கோடு விழும். கீறிப் பார்க்க வேண்டாம், எடையை வைத்தே முடிவு செய்யலாம். கீழே சொல்லும் ஆல்கஹால் முறைகள் எதையும் மீர்ஷாம் கிண்ணத்துக்குள் செய்யக் கூடாது. ஈரம் ஏறிய மீர்ஷாம் சுரண்டும்போது பெயர்ந்துவிடும். உலர்ந்த நிலையில் மெல்லிய உப்புத்தாளால் கரியைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாய்க்குழல் இரண்டு வகை. பழையது என்றால் பெரும்பாலும் வல்கனைட், அதாவது நிறையக் கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய கெட்டி ரப்பர். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அந்தக் கந்தகம் மேலே வந்து பழுப்பாகவும் பச்சையாகவும் படியும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் தீக்குச்சி வாடை வரும். இன்னொரு வகை அக்ரிலிக். அது எத்தனை வருடம் ஆனாலும் நிறம் மாறாமல் பளபளக்கும், பல்லில் தட்டினால் "டக்" என்று கேட்கும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள், அந்தத் தழும்பு அப்படியே நின்றுவிடும்.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

ஒரு சின்ன டார்ச், நகை பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், ஒரு பைப் கிளீனர் (துளைக்குள் விட்டுத் துடைக்கும், நூல் சுற்றிய மெல்லிய கம்பி) கையில் இருக்கட்டும்.

முதலில் கிண்ணத்தின் வெளிப்புறம். ஓரிடத்தில் மட்டும் வட்டமாகக் கறுத்து, மேல்பூச்சு கொப்பளித்திருந்தால் உள்ளே நெருப்பு மரத்தைத் தின்றிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். விளிம்பின் மேல்பக்கக் கருகலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அடுத்து கழுத்தின் முனையை லென்ஸால் பாருங்கள். கழுந்தை வலுக்கட்டாயமாகத் திருகியதால் வரும் மயிரிழை வெடிப்பு அங்கேதான் தொடங்கும். சின்ன வெடிப்பைச் சரிசெய்யலாம், விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம்.

பிறகு கழுத்தும் வாய்க்குழலும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டுங்கள். தடையில்லாமல் வழுக்கினால் அந்த வாய்க்குழல் அந்தக் கிண்ணத்துக்கே பிறந்தது. படி தட்டினால் வேறு பைப்பிலிருந்து எடுத்து மாட்டியிருக்கலாம்.

முத்திரை கழுத்தின் இரு பக்கமும் இருக்கும். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். லண்டன் டன்ஹில் நிறுவனத்தின் பைப்புக்கு வாய்க்குழலின் மேல்பக்கம் வெள்ளைப் புள்ளி அடையாளம். ஆனால் புள்ளியை யாரும் பதித்துவிட முடியும், கழுத்தில் உள்ள எழுத்தைத்தான் நம்ப வேண்டும். டப்ளின் பீட்டர்சன் பைப்பில் "ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்" என்று இருந்தால் அது 1922க்குப் பிந்தைய நாட்டுப் பெயர். "ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து" என்று இருந்தால் 1949க்கு முன் செய்திருக்க வழியில்லை. பெயரே தெரியாத பைப் என்றாலும் மரம் கெட்டியாக, ரேகை அழகாக இருந்தால் வாங்கலாம். முதல் வேலையைப் பழக அதுதான் சரி.

வாங்கி வைக்க வேண்டியவை

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம், அரை லிட்டர். லேப் கெமிக்கல் கடையிலும் எலக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடையிலும் கேட்டுப் பாருங்கள். மருந்துக் கடை 70 சதவீதம் வேண்டாம், அதிலுள்ள தண்ணீர் மரத்தை ஊதவைக்கும். பெயிண்ட் கடையில் பாலிஷ் போட விற்கும் ஸ்பிரிட் கூடவே கூடாது. அதில் மெத்தனால் கலந்திருக்கும், வாயில் வைக்கும் பொருளுக்கு அது விஷம்.

பைப் கிளீனர் நூலில் செய்ததாக இருக்கட்டும். ஸ்டேஷனரிக் கடைக் கைவினைக் குச்சிகள் நைலான், ஒன்றையும் உறிஞ்சாது. உப்புத்தாள் 120, 220 எண்கள். கார் பெயிண்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 1500, 2000 எண்கள். இயர் பட்ஸ், பஞ்சு, ஊசி இல்லாத சிரிஞ்சு, வாசலின், ஊசி அரம் ஒரு செட், லிக்விட் பாரஃபின், கார்னௌபா மெழுகு (ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் கெட்டி மெழுகு). ஊசி அரத்துக்கு நகைத் தொழில் சாமான் கடை.

பிரிப்பதும் உள்ளே சுத்தம் செய்வதும்

வாய்க்குழல் இறுகிப் போயிருந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். வல்கனைட் மரத்தை விட அதிகம் சுருங்கும். எடுத்ததும் கழுத்தை ஒரு கையில் ஒட்டிப் பிடித்து, வலப்பக்கமாக மெல்லத் திருகியபடி இழுங்கள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு திருகினால் விசை முழுவதும் கழுத்தில் விழும், அங்கேதான் உடையும். அசையவில்லையா, கிண்ணத்தின் வழியாக நாலு சொட்டு ஆல்கஹால் விட்டு, ஒரு இரவு பொறுத்து மறுபடி ஃபிரீசர்.

கிண்ணத்துக்குள் இருக்கும் கரிப்படலம் அளவாக இருந்தால், அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவில், மரத்துக்குக் காப்பு. தடித்துப் போனால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். வேறொருவர் பிடித்த பைப் என்றால் மரம் தெரியும்வரை எடுத்துவிடுவதே நல்லது, உள்ளே விரிசல் இருந்தால் அப்போதுதான் தெரியும். முனை மழுங்கிய சின்னக் கத்தியால் சுவரோடு ஒட்டிச் சுற்றிச் சுற்றிச் சுரண்டுங்கள். கூர்முனைக் கத்தி அடியைக் குடைந்து புகைத்துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு குழியை விடச் சற்றுச் சிறிய உருண்டைக் குச்சியில் 120 எண் உப்புத்தாளைச் சுற்றி உள்ளே திருப்புங்கள், 220இல் முடியுங்கள்.

அடுத்து கழுத்துத் துளை. பைப் கிளீனரையும் இயர் பட்ஸையும் ஆல்கஹாலில் நனைத்து நுழைத்தால் முதலில் தார் போலக் கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை நிறுத்தக் கூடாது. சில பைப்புக்கு ஒரு பாக்கெட் கிளீனரே தீரும். துளைச் சுவரில் கெட்டியான படிவம் இருந்தால் ஊசி அரத்தின் வால் முனையால் உலர்ந்த நிலையில் உதிர்த்துவிடுங்கள். வாய்க்குழல் தடையில்லாமல் ஏற இது அவசியம்.

பழைய நெடி போக, கிண்ணத்தில் பஞ்சை இறுக்காமல் நிரப்பி, முறுக்கிய பஞ்சுத் திரி ஒன்றைக் கழுத்துக்குள் செலுத்துங்கள். கிண்ண விளிம்பும் கழுத்து முனையும் ஒரே மட்டத்தில் வருமாறு பைப்பைச் சாய்த்து வைத்து, சிரிஞ்சால் ஆல்கஹாலை விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்புங்கள். வெளியே வழிந்தால் சாயம் கரையும். மறுநாள் பஞ்சு பழுப்பேறியிருக்கும். மிகவும் நாறும் பைப்புக்கு இரண்டாம் முறை. பஞ்சுக்குப் பதில் கல் உப்பு போடும் முறையும் உண்டு. உப்பு கழுத்தில் தங்கி ஈரத்தை இழுக்கும் என்பதால் பஞ்சே மேல். இந்த வேலையை அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்று வரும் இடத்தில் செய்யுங்கள். சேலம் சித்திரை வெயிலில் ஆல்கஹால் ஆவி மிக வேகமாகக் கிளம்பும், நெருப்புப் பொறி போதும்.

இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று. ஊறவைத்து எடுத்ததும் மரம் ஊதியிருக்கும், கழுந்து உள்ளே போகாது. உடனே கழுந்தைத் தேய்த்துச் சிறிதாக்கினால் ஒரு வாரம் கழித்து மரம் பழைய அளவுக்கு வந்ததும் வாய்க்குழல் லொடலொடவென்று ஆடும். குறைந்தது மூன்று நாள் நிழலில் காயவிட்ட பிறகே மாட்டிப் பாருங்கள். ஏற்காட்டில் மழைக் காலம் என்றால் ஒரு வாரம்.

வெளிப்புறம்

விளிம்பில் படிந்த தாரை இயர் பட்ஸில் எச்சில் தொட்டுத் தேய்த்தாலே பெரும்பகுதி போகும். மீதிக்கு மிதமான சோப்பு நீர், உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மரமே கருகியிருந்தால் தட்டையான கிரானைட் துண்டின் மேல் 220 உப்புத்தாளை வைத்து, கிண்ணத்தைக் கவிழ்த்து மெதுவாக வட்டமாகத் தேய்க்கலாம். கால் மில்லிமீட்டர் போனால் போதும் என்று நிறுத்துங்கள். கருகல் முழுவதும் போக வேண்டும் என்று தேய்த்தால் பைப்பின் உருவமே மாறிவிடும்.

பள்ளங்களுக்கு நீராவி. ஈரப் பருத்தித் துணியைப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான கத்தி முதுகால் சில நொடி அழுத்தினால் நசுங்கிய நார் எழும்பும். சாந்து அடைத்த இடம் இருந்தால் அங்கே செய்யாதீர்கள், அடைப்பு கழன்று வரும். முத்திரை உள்ள இடத்தில் டேப் ஒட்டுங்கள். அங்கே நீராவியும் உப்புத்தாளும் பாலிஷும் எதுவும் வேண்டாம்.

வாய்க்குழல்

நேரம் அதிகம் கேட்பது இதுதான். வல்கனைட் என்றால் துணி துவைக்கும் ஆக்ஸிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் தூள், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி. வாய்க்குழலில் சின்னம் பதித்திருந்தால் அதன் மேல் வாசலின் தடவிவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். எடுக்கும்போது முன்பை விட அசிங்கமாக, சாக்லேட் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், கெட்ட படலம் இளகிவிட்டது என்று அர்த்தம். குளோரின் ப்ளீச் வேண்டாம், மேற்பரப்பை அரித்துக் குழிகளாக்கும். அக்ரிலிக்குக்கு சோப்பு நீர் மட்டும் போதும். ஆல்கஹால் பட்டால் அதில் நுண்ணிய வெடிப்புகள் ஓடலாம்.

தேய்ப்பதற்கு முன் பல் தடம். வல்கனைட்டுக்குச் சூடு பட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பும் குணம் உண்டு. லைட்டர் சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் மேலும் கீழும் ஓட்டுங்கள், இரண்டு மூன்று நொடி, எடுத்துப் பார்த்து மறுபடி. பள்ளம் பாதிக்கு மேல் தானே எழும்பும். எழாததையும் ஓட்டையையும் ஃபெவிக்விக் பசையில் கரித்தூள் கலந்து அடைக்கலாம். அதற்கு முன் வாசலின் தடவிய அட்டைத் துண்டு ஒன்றைப் புகை வரும் வாய்க்குள் செருகுங்கள், இல்லாவிட்டால் பசை துளையையே மூடும். ஒரு நாள் காயவிட்டு ஊசி அரத்தால் ராவி, வாய்க்குழல் நுனியில் பல்லில் பிடிக்கும் மேடான உதட்டின் வடிவத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

தேய்க்கும்போது கழுந்துப் பக்க விளிம்பு மழுங்குவதுதான் ஆபத்து. அந்தக் கூர்மையான விளிம்பு போனால் கழுத்துக்கும் வாய்க்குழலுக்கும் நடுவே எப்போதும் ஒரு கோடு தெரியும். ஐஸ்கிரீம் டப்பா மூடியிலிருந்து ஒரு வட்டம் வெட்டி, நடுவில் கழுந்து நுழையும் துளை போட்டு மாட்டிவிடுங்கள். உப்புத்தாள் அந்த வட்டத்தில் முட்டும், விளிம்பு தப்பும்.

400 எண் வாட்டர் பேப்பரை நனைத்துக்கொண்டு, பழுப்பு நிறம் முழுவதும் போகும்வரை. பிறகு 600, 1000, 1500, 2000. ஒவ்வொரு எண்ணிலும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், முந்தைய கீறல் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும். 2000 முடிந்த பிறகும் நீளக் கோடு தெரிந்தால் அது 400 விட்ட கோடு. அங்கிருந்து மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. உலர்வாகத் தேய்த்தால் ரப்பர்த் தூள் மூக்கில் ஏறும், ஈரமாகவே செய்யுங்கள்.

வளைந்த வாய்க்குழல் நிமிர்ந்து போயிருந்தால் துளைக்குள் ஒரு பைப் கிளீனரைச் செருகி, கொதி நீரில் இளகும்வரை வைத்து, பாட்டிலின் மேல் வளைத்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் பிடியுங்கள். கிளீனர் இல்லாமல் வளைத்தால் துளை நசுங்கும்.

கழுந்து தளர்ந்திருந்தால், அதன் புகைத்துளையை விட மிகச் சற்றே பெரிய டிரில் பிட்டின் வழவழப்பான அடித்தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கழுந்தைச் சூடாக்கி அதை மெதுவாக உள்ளே செலுத்தி, ஆறியதும் எடுத்தால் கழுந்து இம்மியளவு பெருத்திருக்கும்.

வெடித்த கழுத்துக்குச் செவ்வாய்ப்பேட்டை

கொலுசுக்குப் பேர்போன ஊரில் இருப்பதன் பலன் இங்கே தெரியும். வெளியூர்க்காரர்கள் தபாலில் வரவழைக்கும் வெள்ளிப் பூண் நமக்குச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் அளவெடுத்துக் கிடைக்கும். முதலில் வெடிப்பு முடியும் நுனியில் அரை மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். அது வெடிப்பு மேலே ஓடாமல் நிறுத்தும். வெடிப்புக்குள் ஃபெவிக்விக்கை விட்டு இறுக்கிக் கட்டிக் காயவிடுங்கள்.

பிறகு வெர்னியரால் கழுத்து முனையின் வெளிவிட்டத்தை அளந்து கொண்டுபோங்கள். கிண்ணத்தையும் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. 92.5 வெள்ளித் தகடு, கனம் அரை மில்லிமீட்டர், அகலம் 6 முதல் 8 மில்லிமீட்டர். பற்றவைத்த பூண் கையால் தள்ளினால் பாதி தூரம் ஏறி நிற்க வேண்டும். அதைக் கொதி நீரில் போட்டுச் சூடேற்றி, ஈரம் துடைத்து, உள்ளே ஒரு சொட்டுப் பசை தடவி, தட்டையான மரப்பலகையில் கழுத்தை நேராக வைத்து அழுத்துங்கள். பற்றவைத்த இணைப்பு அடிப்பக்கம் வரட்டும். மாட்டிய பிறகு பற்றவைக்கவோ ஊதுகுழல் காட்டவோ கூடாது, மரம் கருகும். பூண் முத்திரையை மறைக்குமா என்று முன்பே பாருங்கள். மறைக்கும் என்றால் அகலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மெருகு

மெருகுப் பட்டறையில் பைப்பையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அங்கே ஓடும் மோட்டார்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,800 சுற்றுப் பக்கம். அந்த வேகத்தில் வல்கனைட் கருகும், கிண்ணம் கையிலிருந்து பறிக்கப்பட்டுச் சுவரில் மோதும். சக்கரத் துணியில் ஏறியிருக்கும் சிவப்பு மெருகுத் தூள் மரத்தின் நுண்துளையில் புகுந்தால் வெளியே வராது. சொந்தமாக வைப்பதென்றால் 1,440 சுற்று மோட்டார், புதிய பருத்திச் சக்கரம். அதில் கார்னௌபா மெழுகைத் தொட்டு, கிண்ணத்தைச் சக்கரத்தின் கீழ்ப்பாதியில் லேசாகக் காட்டினால் போதும்.

மோட்டார் இல்லாவிட்டால் கார்னௌபா கலந்த மெழுகுப் பசையைத் தடவிக் கால் மணி நேரம் கழித்துத் துணியால் தேய்க்கலாம். மலைத் தேன்மெழுகு சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் அது 63 டிகிரி அளவிலேயே உருகும். கார்னௌபாவுக்கு 80க்கு மேல் வேண்டும். தேன்மெழுகு மட்டும் பூசிய கிண்ணம் பிடித்த கைச்சூட்டில் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். மார்கழி இரவில் ஏற்காட்டுக் குளிரில் அது ரேகைகளுக்குள் உறைந்து வெள்ளையாகத் தெரியும். வாய்க்குழலுக்கு லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு தடவி ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துவிட்டால் கந்தகம் மறுபடி மேலே வருவது தள்ளிப்போகும்.

கிண்ணத்தின் உள்சுவர் மெலிந்திருந்தால் ஆக்டிவேட்டட் கரித்தூளைக் கெட்டித் தயிரில் குழைத்து மெல்லிய பூச்சாகத் தடவலாம். புகைத்துளையில் பைப் கிளீனர் செருகியிருக்கட்டும். இரண்டு நாள் காய வேண்டும். இது சேகரித்து வைப்பவருக்குத் தேவையில்லை, பிடிப்பவருக்குத்தான். பைப் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் கெடுதல் இல்லை என்ற பேச்சு தவறு. வாய், தொண்டைப் புற்றுநோய் அதிலும் வரும். அலமாரியில் அழகுக்கு வைப்பதற்காக மீட்டெடுப்பதும் முழுமையான வேலைதான், அதற்கு மேலே சொன்ன எதையும் குறைக்கத் தேவையில்லை.

வைக்கும் இடம்

ஏற்காட்டில் பூஞ்சைதான் எதிரி. காற்றுப் புகாத டப்பா வேண்டாம். திறந்த தாங்கியில் கிண்ணம் கீழாக, வாய்க்குழல் மேலாக நிற்கட்டும், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை ஒன்று. மாதம் ஒருமுறை உள்ளே உலர்ந்த கிளீனரை ஓட்டுங்கள். சேலத்தில் வெயில்தான் எதிரி. ஜன்னல் ஓர அலமாரியில் வைத்தால் ஒரே கோடையில் வாய்க்குழல் மறுபடி பழுப்பேறும். பூட்டிய காருக்குள் விட்டால் வளைந்த வாய்க்குழல் அந்தச் சூட்டிலேயே நிமிரத் தொடங்கும். கீழே விழுந்தால் முதலில் உடைவது கழுந்து. அதனால் வெளியூர் கொண்டுபோகும்போது வாய்க்குழலைக் கழற்றித் தனித் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். பிடித்த சூடு ஆறாமல் மட்டும் கழற்றக் கூடாது.